நியூ ஆர்லியன்ஸில் இனிப்பு தேடுவோருக்கு: பெட்டியின் மேல் இருப்பவரும் கல்லாவில் இருப்பவரும்

கேள்வி இதுதான்: மார்ச் மாதத்தில் நான்கு நாட்கள் குடும்பத்தோடு நியூ ஆர்லியன்ஸ் செல்லவிருக்கும் ஒருவர், அந்நகரில் கறுப்பினத்தவர் நடத்தும் கடைகளிலும் உணவகங்களிலும் இனிப்பு வகைகளைத் தேடிச் சுவைக்க விரும்புகிறார். எங்கே தொடங்கலாம், எதைத் தவறவிடக் கூடாது, முட்டை சாப்பிடாத தாயார் உடன் வருவதால் எதில் கவனம் தேவை என்று கேட்டிருக்கிறார்.

சுருக்கமாகச் சொன்னால், முதல் நாள் காலையில் மரிக்னி பகுதியின் நார்த் ராம்பர்ட் தெருவிலுள்ள லொரெட்டாவின் ப்ராலீன் கடையில் தொடங்குங்கள். ஒரு நண்பகலை ட்ரெமே பகுதியின் டூக்கி சேஸ் உணவகத்துக்கு ஒதுக்குங்கள். ஞாயிறு பிற்பகலில் எந்தத் தெருவில் ஊர்வலம் போகிறது என்று விசாரித்து அதன் பின்னால் நடங்கள். இவ்வளவே போதும் என்றால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் யார் நடத்தும் கடை என்பதையும் சேர்த்துத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு இந்நகரில் ஒரு தனி வரலாறு உண்டு. அது தெரியாமல் போனால், நல்லெண்ணத்தோடு தவறான கடையில் பணம் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

பயணக் கையேடுகள் முதலில் அனுப்பும் இடங்களை எடுத்துக்கொள்வோம். 1862 முதல் இயங்கிவரும் கஃபே டு மோண்ட், சிசிலியிலிருந்து வந்த குடும்பம் 1905-இல் தொடங்கிய ஏஞ்சலோ ப்ரொக்காட்டோவின் ஐஸ்கிரீம் கடை, சீவிய பனிக்கட்டியில் வீட்டுப் பாகு ஊற்றித் தரும் ஹான்சன்ஸ் ஆகிய மூன்றும் தம் புகழுக்குத் தகுதியானவை. நேரம் இருந்தால் போங்கள். ஆனால் அவற்றில் எதுவும் கறுப்பினத்தவருடையது அல்ல. இதில் குழப்பம் வர இடமில்லை. குழப்பம் வருவது ப்ராலீனில்தான்.

ப்ராலீன் என்பது சர்க்கரை, வெண்ணெய், பால் அல்லது பாலேடு, பிக்கான் கொட்டை ஆகியவற்றைக் காய்ச்சி, உள்ளங்கை அளவு வட்டங்களாக ஊற்றி ஆறவைக்கும் மிட்டாய். பிரான்சில் 17-ஆம் நூற்றாண்டில் பிரபு ஒருவரின் வீட்டுச் சமையலறையில் பிறந்து, அவர் பெயரையே தாங்கிய சர்க்கரை பூசிய பாதாம்தான் இதன் மூதாதை. கடல் கடந்து லூசியானாவுக்கு வந்தபின் பாதாமின் இடத்தை உள்ளூர்ப் பிக்கான் பிடித்தது, பால் சேர்ந்தது, மிட்டாயின் இயல்பே மாறியது. இந்த மாற்றத்தை அடுப்படியில் செய்துகாட்டியவர்களும், தட்டில் அடுக்கி ஜாக்சன் சதுக்கத்தைச் சுற்றிலும் கனால் தெருவிலும் விற்றவர்களும் கறுப்பினப் பெண்களே. பிரெஞ்சு பேசும் அந்நகரம் அவர்களை 'ப்ராலினியேர்' என்று அழைத்தது. தலையில் முண்டாசுபோலக் கட்டிய துணியும் கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரனும் அணிந்து, கூடையும் விசிறியுமாகத் தெருவோரம் அமர்ந்த அந்தப் பெண்களின் உருவம், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊருக்கே அடையாளமாகிவிட்டது.

அடையாளமானதும் அது விலைபோனது. வெள்ளையர் நடத்திய மிட்டாய் நிறுவனங்கள் அதே உருவத்தைத் தங்கள் பெட்டிகளில் அச்சிட்டன. தோட்டக்கால அடிமைத் தாதியின் சாயலில், எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் பாட்டியாக அவளை மாற்றின. வாடிக்கையாளரை ஈர்க்க அந்த உடையில் கறுப்பினப் பெண்களைக் கடை வாசலில் நிறுத்தவும் செய்தன. அவளுடைய செய்முறை, அவளுடைய முகம், அவளுடைய உழைப்பு மூன்றும் கடைக்குள் இருந்தன. கல்லாப்பெட்டி மட்டும் அவளுடையதாக இல்லை. இன்றும் நகரின் பழைய மையப்பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரின் நினைவுப்பொருள் கடைகளில் அந்தச் சாயல் கொண்ட பொம்மைகளைக் காணலாம். ஆகவே ஒரு கடையில் கறுப்பினப் பெண்ணின் படம் இருப்பது அக்கடை அவர்களுடையது என்பதற்குச் சான்றே அல்ல. பெட்டியின் மேல் யார் இருக்கிறார் என்பதை விட்டுவிட்டு, குத்தகைப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் போகும் எல்லா இடங்களுக்கும் நான் தரக்கூடிய ஒரே அளவுகோல் இது.

அந்த மிட்டாயில் சேரும் பொருள்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லூசியானாவில் கரும்புச்சாற்றை லாபகரமாக மணிச் சர்க்கரையாக்கும் தொழில் 1795-இல் எத்தியென் த போரே என்பவரின் தோட்டத்தில் தொடங்கியது. அதன்பின் மிசிசிப்பி ஆற்றங்கரை முழுவதும் கரும்புத் தோட்டமாயிற்று. அடிமைகளின் ஆயுளைக் குடித்தே அது வளர்ந்தது. அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். கொதிக்கும் சாற்றை வரிசையாக வைத்த திறந்த கொப்பரைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீண்ட அகப்பையால் மனிதர்களே மொண்டு ஊற்ற வேண்டும். வெந்து போனவர்களுக்குக் கணக்கில்லை. மொரீஷியஸிலும் நேட்டாலிலும் பிஜியிலும் கரும்பு வெட்டப் போன நம்மவர் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கொப்பரை வரிசைக்கு முடிவு கட்டியவர் நார்பெர்ட் ரில்லியூ. 1806-இல் நியூ ஆர்லியன்ஸில், வெள்ளைத் தந்தைக்கும் சுதந்திரமான கலப்பினத் தாய்க்கும் பிறந்தவர். பாரிஸில் பொறியியல் படித்து, அங்கேயே கற்பித்தவர். காற்றழுத்தம் குறைந்த மூடிய கலத்தில் திரவம் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். முதல் கலத்தின் ஆவியைக் கொண்டு இரண்டாம் கலத்தையும், அதன் ஆவியைக் கொண்டு மூன்றாம் கலத்தையும் சூடாக்கலாம். இந்த எண்ணத்தை இயந்திரமாக்கி 1843-லும் 1846-லும் அவர் காப்புரிமை பெற்றார். விறகுச் செலவு சரிந்தது, சர்க்கரை வெளுத்தது, கொப்பரை அருகே நிற்க வேண்டிய ஆபத்தும் குறைந்தது. இன்றைய சர்க்கரை ஆலைகளும் பாலைச் சுண்டவைக்கும் ஆலைகளும் அதே அடிப்படையில்தான் இயங்குகின்றன. நியூ ஆர்லியன்ஸில் பல வீடுகளில் ப்ராலீனுக்கு டின்னில் வரும் சுண்டிய பாலையே ஊற்றுகிறார்கள் என்பதால், சர்க்கரை, பால் இரண்டிலும் ரில்லியூவின் கை இருக்கிறது.

மூன்றாவது பொருளான பிக்கானிலும் இதே கதைதான். காட்டு மரத்தின் கொட்டை ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மாதிரி இருக்கும். ஒரே சீரான, எளிதில் உடையும் ஓடுள்ள கொட்டை வேண்டுமானால் ஒட்டுக் கட்ட வேண்டும். 1846-ஐ ஒட்டிய குளிர்காலத்தில், நகருக்கு மேற்கே ஓக் ஆலி தோட்டத்தில், ஆவணங்களில் 'ஆன்டுவான்' என்ற ஒற்றைப் பெயரால் மட்டுமே அறியப்படும் அடிமைத் தோட்டக்காரர் 16 மரங்களில் ஒட்டுக் கட்டி வெற்றி கண்டார். வணிகப் பயிராகப் பிக்கான் பரவியதற்கு அதுவே தொடக்கம். அந்த ரகம் 1876-இல் ஃபிலடெல்ஃபியா நூற்றாண்டுக் கண்காட்சியில் பரிசு பெற்றது. அதற்குச் 'சென்டென்னியல்' என்று பெயர் வைத்தார்கள். ஒட்டுக் கட்டியவர் பெயரை வைக்கவில்லை.

இப்போது அடுப்படிக்கு வருவோம், ஏனெனில் நம் வீட்டில் மிட்டாய் கிண்டியவர்களுக்கு ப்ராலீன் உடனே புரிந்துவிடும். பாகைக் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டால் விரலால் உருட்ட வர வேண்டும். சுமார் 115 டிகிரி செல்சியஸ். இந்த உருண்டைப் பதத்தில் பாத்திரத்தை இறக்கிவிட வேண்டும். அதற்குப் பின்னர்தான் நமக்கும் அவர்களுக்கும் வழி பிரிகிறது. பாகு பூத்துவிடக் கூடாது என்று கடலை மிட்டாய்க்காரர் அஞ்சுவார். ப்ராலீன்காரர் பூக்க வேண்டும் என்றே கிண்டுவார். ஆறும் பாகை மரக்கரண்டியால் ஓயாமல் அடிக்கும்போது பொடிப்பொடியான சர்க்கரை மணிகள் எங்கும் ஒரே சமயத்தில் உருவாகின்றன. பளபளப்பு மங்கத் தொடங்கும் நொடியில் கரண்டி கரண்டியாகப் பளிங்குக் கல்லிலோ மெழுகுத் தாளிலோ விட்டுவிட வேண்டும். அரை நிமிடம் முந்தினால் பிசினாக ஓடும். அரை நிமிடம் பிந்தினால் பாத்திரத்திலேயே பாறையாக இறுகும். போதாக்குறைக்கு அது சதுப்பு நிலத்து ஊர். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் சர்க்கரை அதை இழுத்துக்கொண்டு கசியும். நன்றாக வந்த ப்ராலீனைக் கடித்தால் மேலே மெல்லிய மொறுமொறுப்பும், உள்ளே நாவில் மணல்போலக் கரையும் மென்மையும் இருக்கும். பல்லில் ஒட்டினால் அது டெக்ஸஸ் பாணி. கேட்டால் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் முகம் சுளிப்பார்கள். 'ப்ரேலீன்' என்று உச்சரித்தாலும் சுளிப்பார்கள்.

லொரெட்டா ஹாரிசன் இந்த மரபை முகமாக மட்டுமன்றி முதலாளியாகவும் கையில் எடுத்தவர். குடும்பத்தில் தலைமுறைகளாக வந்த செய்முறையைக் கொண்டு, ஜாஸ் விழாவில் விற்றுப் பெயர் பெற்று, பின்னர் சொந்தக் கடை வைத்தார். நியூ ஆர்லியன்ஸில் ப்ராலீன் நிறுவனத்தைச் சொந்தமாக நடத்தி வெற்றி கண்ட முதல் கறுப்பினப் பெண் என்ற பெருமை அவருக்கு உரியது. நூறாண்டுக்கும் மேலாகக் கறுப்பினப் பெண்கள் விற்ற ஒரு பண்டத்தில் 'முதல் உரிமையாளர்' என்ற சொல் 1980-களை ஒட்டித்தான் ஒருவருக்குப் பொருந்தியது என்பதை அங்கே வரிசையில் நிற்கும்போது எண்ணிப்பாருங்கள். அவர் 2022 பிப்ரவரியில் காலமானார், குடும்பத்தினர் தொடர்கிறார்கள். அங்கே ப்ராலீனைத் தவிர, ப்ராலீன் நிரப்பிய பென்யேயையும் கேளுங்கள். பென்யே என்பது சதுரமாக வெட்டிப் பொரித்த ஈஸ்ட் மாவு. மேலே பொடிச் சர்க்கரை மலைபோல் கொட்டியிருக்கும். வெறும் பென்யேயைவிட இது கனமானது, இருவருக்கு ஒன்று போதும். அதே கடையின் நண்டு பென்யேயும் பெரும்புகழ் பெற்றது. அது இனிப்பு அல்ல என்பதால் இங்கே அதற்கு இடமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ப்ராலீனுக்கு முன்பே அந்தத் தெருக்களில் ஒலித்த பண்டம் ஒன்று உண்டு: காலா. முந்தைய நாள் சோற்றைக் குழைய மசித்து, ஈஸ்ட் சேர்த்து இரவெல்லாம் புளிக்கவிட்டு, காலையில் முட்டையும் மாவும் சர்க்கரையும் ஜாதிக்காய்ப் பொடியும் கலந்து, எண்ணெயில் உருண்டை உருண்டையாகப் பொரித்தெடுப்பது. லூசியானாவுக்கு நெல் வந்த வழியும் ஆப்பிரிக்க வழியே. 1719-இல் வந்த அடிமைக் கப்பல்களின் தலைவர்களுக்கு விதை நெல்லோடு, நெல் பயிரிடத் தெரிந்தவர்களையும் பிடித்து வருமாறு உத்தரவிடப்பட்டிருந்தது. உழைப்புக்காக மட்டுமல்லாமல் அறிவுக்காகவும் மனிதர்களைக் கடத்தினார்கள். அந்த அறிவின் மிச்சம்தான் காலைவேளையில் கூடையைத் தலையில் சுமந்தபடி 'பெல் காலா, தூ ஷோ' என்று கூவிய பெண்களின் குரல். 'அருமையான காலா, சுடச்சுட' என்று பொருள்.

இந்தக் கூவலில் வயிற்றுப் பிழைப்பையும் தாண்டிய ஒரு கணக்கு இருந்தது. பிரெஞ்சு ஆட்சிக்காலச் சட்டம் ஞாயிற்றுக்கிழமையை அடிமைகளின் ஓய்வு நாளாக வைத்திருந்தது. அன்று அவர்கள் விற்றுச் சம்பாதிக்க ஓரளவு இடம் கிடைத்தது. பின்னர் வந்த ஸ்பானிய ஆட்சியில், விலை பேசித் தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் உரிமையும் அடிமைக்குக் கிடைத்தது. காலாவும் காப்பியும் மிட்டாயும் விற்ற காசைச் சேர்த்துத் தன்னையோ தன் பிள்ளையையோ விலைக்கு வாங்கி விடுவித்த பெண்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவாலய வாசலில் காப்பி விற்றுத் தன் விடுதலையை வாங்கியவராக ரோஸ் நிக்கோ என்ற பெண்ணை நகரம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ஞாயிறுதோறும் ஆடலும் பாடலும் அங்காடியும் நடந்த காங்கோ சதுக்கம் இப்போது லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் இருக்கிறது. லொரெட்டாவின் கடையிலிருந்து நடந்தே போய்விடலாம்.

காலா தெருவிலிருந்து மறைந்து வெகுகாலமாகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்துக்குள் கூவல்கள் அடங்கிவிட்டன. வீடுகளில் கார்னிவல் நாட்களிலும் குழந்தைகளின் முதல் நற்கருணை நாளிலும் பொரிக்கும் வழக்கம்தான் அதைக் காப்பாற்றியது. அவ்வப்போது உணவகங்களின் காலைப் பட்டியலில் தலைகாட்டும்; கண்டால் விடாதீர்கள். அதற்கென்றே திட்டமிட்டுப் போனால் ஏமாறுவீர்கள்.

தெருக்கூடைக்கும் சொந்தக் கடைக்கும் இடையே பாலமாக நின்றவர் லீனா ரிச்சர்ட். 1892-இல் பிறந்து 1950-இல் மறைந்த இவர், வீடுகளில் சமைக்கத் தொடங்கி, விருந்துச் சமையல் தொழில் நடத்தி, 1937-இல் கறுப்பின இளைஞர்களுக்கெனச் சமையல் பள்ளி வைத்தார். உரிய கூலி கேட்கும் தகுதியைத் தொழில் நுணுக்கம் தரும் என்பது அவர் கணக்கு. 1939-இல் முந்நூறுக்கும் மேற்பட்ட குறிப்புகள் கொண்ட சமையல் நூலைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். 1949-இல் உள்ளூர்த் தொலைக்காட்சியில் தன் பெயரிலேயே சமையல் நிகழ்ச்சி நடத்தினார். இனப் பிரிவினைச் சட்டம் உயிரோடு இருந்த ஊரில், கடையின் முன்வாசல் வழியே நுழைய முடியாத ஒரு பெண் வீட்டு வரவேற்பறைகளுக்குள் திரை வழியே நுழைந்தார்.

அதே காலத்தில் வேரூன்றியதுதான் டூக்கி சேஸ். ட்ரெமேயில் ஓர்லியன்ஸ் அவென்யூவில் 1941 முதல் இருக்கிறது. அந்த வீட்டு மருமகளாக வந்த லியா சேஸ், சாண்ட்விச் விற்ற கடையை, கறுப்பினத்தவர் மேசை விரிப்பும் வெள்ளிக் கரண்டியுமாக அமர்ந்து உண்ணும் உணவகமாக மாற்றினார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேசையில் அமர்வதே சட்டவிரோதமாக இருந்த நாட்களில், கறுப்பினத்தவரின் சம உரிமைக்குப் போராடிய இயக்கத்தினர் அதன் மாடி அறையில்தான் கூடிப் பேசினார்கள். 2005-இல் கத்ரீனா புயலின் வெள்ளம் உணவகத்துக்குள் புகுந்தது; எண்பதைக் கடந்த வயதில், எதிரே நிறுத்திய தற்காலிக வண்டி வீட்டில் கணவரோடு தங்கியிருந்தபடி மறுபடி அதை எழுப்பினார். 2019-இல், 96 வயதில் மறைந்தார். பேரப்பிள்ளைகள் நடத்துகிறார்கள்.

இங்கே நீங்கள் உண்ண வேண்டியவை இரண்டு: பீச் காப்ளர், ப்ராலீன் சாறு ஊற்றிய பிரெட் புட்டிங். பீச் பழத்தைச் சர்க்கரையும் பட்டையும் சேர்த்து வேகவைத்து, மேலே மாவுப் போர்வை போட்டுச் சுட்டெடுப்பது காப்ளர். பார்க்க எளிமையானது, பழம் குழையாமல் இருப்பதில்தான் கைப்பக்குவம். பிரெட் புட்டிங் இந்நகரின் சிக்கனத்தில் பிறந்தது. இங்கத்திய பிரெஞ்சு ரொட்டி மேலே முறுக்கும் உள்ளே பஞ்சுமாக இருக்கும். ஒரே நாளில் காய்ந்துவிடும். காய்ந்ததை எறியாமல் பாலிலும் முட்டையிலும் ஊறவைத்துச் சுட்டார்கள். பிற இடங்களில் மேலே விஸ்கி அல்லது ரம் சேர்த்த சாறு ஊற்றுவது பெருவழக்கு. ப்ராலீன் சாறு ஊற்றுவது இரண்டு மரபுகளை ஒரே கிண்ணத்தில் வைப்பது. மதியச் சாப்பாட்டை முழுதாக முடித்துவிட்டு இதற்கு இடம் தேடாதீர்கள். நான் முதல் முறை அந்தத் தவற்றைச் செய்து, காப்ளரைப் பொட்டலம் கட்டி அறைக்குக் கொண்டுபோய், அது ஊறிப்போனபின் தின்றேன்.

வெளியே வந்ததும் அருகிலுள்ள கிளெய்போர்ன் அவென்யூவைப் பாருங்கள். ஒரு காலத்தில் ஓக் மரங்கள் வரிசையாக நின்ற, கறுப்பினத்தவரின் கடைவீதி அது. 1960-களில் அந்த மரங்களை வெட்டி, நெடுஞ்சாலையை மேம்பாலமாகத் தலைக்கு மேல் கொண்டுபோனார்கள். இந்நகரில் நூறாண்டுப் பழைமை கொண்ட கறுப்பின இனிப்புக் கடைகள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், அந்தத் தூண்களின் நிழலில் விடையின் ஒரு பகுதி கிடக்கிறது.

எஸ்ப்ளனேட் அவென்யூவில் பக்கே குடும்பத்தின் லில் டிஸ்ஸிஸ் இருக்கிறது. பல தலைமுறையாக உணவகத் தொழிலில் இருப்பவர்கள், அங்கும் பிரெட் புட்டிங் நன்றாக இருக்கும். மேசை முன்பதிவும் பெரிய செலவும் பொருட்டில்லை என்றால், செயின்ட் லூசியா தீவில் பிறந்த நீனா காம்ப்டன் 2015-இல் திறந்த காம்பேர் லாபானும், செனகல் வேர்களைக் கொண்ட செரீன் இம்பாய் நடத்தும், 2024-இல் அமெரிக்காவின் சிறந்த புதிய உணவகத்துக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்ற டக்கார் நோலாவும் உண்டு. லூசியானாவின் தொடக்க கால அடிமைகளில் பெரும்பகுதியினர் செனகல், காம்பியா கரைகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்பதால், இரண்டாவது உணவகம் புதிதாக வந்ததுபோலத் தோன்றினாலும் வீடு திரும்பியதுதான். ஆனால் இரண்டிலும் இனிப்பு ஒரு முழு விருந்தின் கடைசி அங்கம். இனிப்பு தேடும் பயணத்துக்கு அவை இன்றியமையாதவை என்று நான் கருதவில்லை.

நான் இன்றியமையாததாகக் கருதுவது தெருவைத்தான். ப்ராலீன் கூடைக்காரியின் உண்மையான வாரிசு இன்று பெயர்ப்பலகையே இல்லாத ஒரு வீட்டு வாசலில் இருக்கிறார். அமெரிக்கத் தெற்கின் கறுப்பினக் குடியிருப்புகளில் அவரைக் 'கேண்டி லேடி' என்பார்கள்: தன் வீட்டு முன்னறையிலிருந்தே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாயும் ஊறுகாயும் சிப்ஸும் குளிர்ந்த இனிப்பும் விற்கும் அக்கா அல்லது பாட்டி. நம்மூர்ப் பெட்டிக்கடையை வீட்டுக்குள் வைத்ததுபோல. நியூ ஆர்லியன்ஸில் அவர் விற்பதில் முதன்மையானது 'ஹக்கபக்': பழவாசனைச் சர்க்கரைத் தண்ணீரைத் தெர்மோகோல் குவளையில் ஊற்றி உறையவைத்தது. சர்க்கரை அடியில் தங்கும் என்பதால், கட்டியைக் குவளைக்குள் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, இனிப்பான பக்கத்தை முதலில் நக்க வேண்டும். பிள்ளைகள் சொல்லிக்கொடுப்பார்கள், உள்ளங்கையால் குவளையை உருட்டிச் சூடேற்றும் கலையையும் சேர்த்து. முகவரி கேட்டு அந்நியர் கதவைத் தட்டுவது முறையல்ல. உள்ளூரில் பழக்கமானவர் அழைத்துப் போனால் போங்கள்.

அந்நியரும் தயங்காமல் வாங்கக்கூடிய இடம் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம். கறுப்பினத்தவரின் பரஸ்பர உதவிச் சங்கங்கள், கோடை மாதங்கள் நீங்கலாக ஏறத்தாழ ஒவ்வொரு ஞாயிறும் பித்தளை வாத்தியக் குழுவோடு தெருவில் இறங்கும். அதன் பின்னால் ஆடிக்கொண்டு போகும் கூட்டத்துக்குச் 'செகண்ட் லைன்' என்று பெயர். கூட்டத்தோடு வண்டிகளும் கூலர் பெட்டிகளும் நகரும். வீட்டில் செய்த ப்ராலீன், மாவு ஓட்டில் கிழங்கு மசியலை நிரப்பிச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு 'பை', துண்டு கேக் எல்லாம் கைக்குக் கை மாறும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு பையை அங்கேதான் தின்ன வேண்டும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி இனிக்கும்; வீட்டுப் பையில் ஜாதிக்காய் தூக்கலாக இருக்கும், ஓரங்களில் மாவு சற்றுக் கருகியிருக்கும். நீங்கள் போவது மார்ச் மாதம் என்பதால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. 19-ஆம் தேதி புனித யோசேப்பு திருநாள். அதை ஒட்டிய ஞாயிற்றை 'சூப்பர் சண்டே' என்பார்கள். மணியும் இறகும் கோத்து ஓராண்டு முழுக்கத் தைத்த உடைகளோடு, அமெரிக்கப் பழங்குடியினரைப் போற்றி அவர்கள் சாயலில் உடுத்தும் கறுப்பினக் குழுக்களான 'மார்டி கிரா இந்தியர்கள்', சென்ட்ரல் சிட்டி பகுதியின் ஏ. எல். டேவிஸ் பூங்காவை ஒட்டிய தெருக்களில் வருவார்கள். மழை வந்தால் நாள் தள்ளிப்போகும். சில்லறை நோட்டுகள் வைத்திருங்கள், விலை பேசாதீர்கள், உடையைத் தொடாதீர்கள்.

தாயாரின் முட்டைப் பிரச்சினைக்கு வருகிறேன். மரபான ப்ராலீனில் முட்டை இல்லை. வெண்ணெயும் பாலும் மட்டுமே. ஹக்கபக்கிலும் இல்லை. காலா, பிரெட் புட்டிங், சர்க்கரைவள்ளிக் கிழங்கு பை மூன்றிலும் முட்டை உறுதியாக இருக்கும். பென்யே மாவிலும் பெரும்பாலும் சேர்ப்பார்கள். காப்ளரில் பலர் முட்டை சேர்ப்பதில்லை, ஆனால் மேல் மாவில் பன்றிக் கொழுப்பு போடும் பழைய வழக்கம் இன்னும் சில சமையலறைகளில் உண்டு; ஆகவே முட்டையை மட்டும் விசாரிக்காமல் கொழுப்பையும் விசாரியுங்கள். புட்டிங் சாற்றில் மது உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். 'சைவம்' என்ற ஒற்றைச் சொல்லில் அங்கே எதுவும் அடங்காது. பொருள் பொருளாகப் பெயர் சொல்லிக் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். முதியவர்களைப் பெயர் சொல்லி அழைக்காமல் 'மிஸ்', 'மிஸ்டர்' சேர்த்து அழைப்பது அவ்வூர் மரியாதை. தாயாருக்கு அது பிடித்துப்போகும்.

கடைகளின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போவதைவிட, முதல் நாள் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. நான் ஒருமுறை பழைய பட்டியலை நம்பி, நல்ல வெயிலில் நாற்பது நிமிடம் நடந்து ஒரு பேக்கரி வாசலுக்குப் போனேன். கதவில் பலகை அடித்திருந்தது, உள்ளே காட்சிப் பெட்டி மட்டும் தூசியோடு நின்றது. குடும்பமே நடத்தும் சிறு கடைகள் ஒரு சாவுக்கோ புயலுக்கோ வாரக்கணக்கில் மூடும். சில நாட்களில் சரக்கு தீர்ந்ததும் நண்பகலிலேயே மூடும். திங்கட்கிழமையை நம்பவே வேண்டாம். உரிமையாளர் யார் என்பதையும் கூச்சப்படாமல் கேட்கலாம்: 'இந்தச் செய்முறை யாருடையது?' என்று தொடங்கினால், அவர்களுடைய கடையாக இருக்கும் பட்சத்தில் பாட்டியின் பெயரிலிருந்து பதில் வரும்.

ஊருக்கு எடுத்துவர ப்ராலீன் வாங்குவதென்றால் விமானம் ஏறும் நாளில் வாங்குங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி மெழுகுத் தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கி, கைப்பையில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெளியே எடுத்ததும் ஈரம் பிடித்துக் கசிந்துவிடும். வெளியே வைத்தாலே இரண்டு வாரம் தாங்கும். அதற்குப் பிறகும் கெட்டுப்போகாது. காய்ந்து பொரபொரத்துப் போயிருக்கும், அப்போது நொறுக்கிச் சூடான பாலில் போட்டுக் குடித்துவிடலாம்.